ஒரு தாளில் ஒரே விஷயம் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிலாளர்களுக்கான திறன் பயிற்சி பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். வகுப்பறை, பாடத்திட்டம், சான்றிதழ் என்றே அவை பேசுகின்றன. மிஷின் பக்கத்தில் நின்றபடியே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு பயிற்சி முறையும் இருக்கிறது. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒன் பாயிண்ட் லெசன், தொழிற்சாலைப் பேச்சில் ஓ.பி.எல். ஜப்பானில் 1971 வாக்கில் உருவெடுத்த டி.பி.எம். (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) முறையோடு சேர்ந்து பரவியது இது. மிஷினை ஓட்டுபவரே அதன் அன்றாடப் பராமரிப்பையும் பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை. நிப்பான்டென்சோ நிறுவனம் அதை முதலில் செய்து காட்டியது. ஜப்பானியப் பராமரிப்பு வல்லுநர் செய்ச்சி நகாஜிமா அதை உலகம் முழுக்கக் கொண்டு போனார். ஓட்டுபவர் பராமரிக்க வேண்டுமென்றால் அவருக்குச் சின்னச் சின்னதாக நிறைய தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் இந்த ஒற்றைத் தாள். ஒரு தாள், அதில் ஒரே ஒரு விஷயம். முக்கால் பங்குக்கு மேல் படம், மிச்சம்தான் எழுத்து.

ஒரே ஒரு விஷயம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'மோட்டார் பேரிங் பராமரிப்பு' என்று தலைப்புப் போட்டு, கிரீஸின் வகை, அளவு, எத்தனை நாளுக்கொரு முறை, சத்தம் வந்தால் என்ன செய்வது என்று அத்தனையையும் ஒரே தாளில் திணித்துவிடுவார்கள். லேமினேட் செய்து தொங்கவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள்.

நான் பார்த்ததிலேயே நல்ல ஓ.பி.எல். ஒரு ஆபரேட்டர் பென்சிலால் வரைந்தது. புதிதாக வருகிறவர்கள் கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தால் நிறுத்தவே மாட்டார்கள். நிறைய அடித்தால் மிஷினுக்கு நல்லது என்ற நினைப்பு. உண்மையில் கிரீஸ் அளவுக்கு மீறினால், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அதைக் கடைந்துகொண்டே சுற்ற வேண்டியிருக்கும். சூடு ஏறும், கிரீஸிலிருந்து எண்ணெய் பிரியும், சீல் பிதுங்கும், கிரீஸ் மோட்டாருக்கு உள்ளேயே போய்விடும். அதனால்தான் கிரீஸ் அடிக்கும் வகை மோட்டார்கள் பலவற்றில் கீழே ஒரு வடிகால் பிளக் வைத்திருக்கிறார்கள். அவர் வரைந்தது இரண்டே படம். பிளக் மூடியிருக்க கிரீஸ் அடிப்பதன் மேல் ஒரு பெருக்கல் குறி. பிளக் திறந்திருக்க, பழைய கிரீஸ் வெளியே வருவதன் பக்கத்தில் ஒரு டிக். அடியில் 'பிளக்கைத் திறந்த பிறகே கிரீஸ்' என்று ஒரு வரி, ஏன் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். கிரீஸ் வகையை மாற்றிக் கலக்கக் கூடாது என்பதும் முக்கியம்தான், ஆனால் அது வேறு தாளுக்கான விஷயம் என்று விட்டுவிட்டார். அந்த அடக்கம் படித்த இன்ஜினியர்கள் பலருக்கு வருவதில்லை.

ஓ.பி.எல்.லில் அடிப்படை அறிவு, நடந்த கோளாறு, செய்த முன்னேற்றம் என மூன்று வகை உண்டு. என்னைக் கேட்டால் கோளாறு வகைக்குத்தான் மதிப்பு அதிகம், அதுவும் சூடு ஆறுவதற்குள் எழுதினால். மூன்று வி-பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்து, அதை மட்டும் மாற்றினால், தளர்ந்துபோன பழைய இரண்டும் சும்மா சுற்ற, புதியதே பாரம் முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் போய்விடும். மாற்றினால் செட்டாக மாற்ற வேண்டும். இதை அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொன்னால் மறக்காது. மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதினால் அது வெறும் காகிதம்.

ஆனால் நடப்பது மாதக் கடைசிக் கதைதான். இத்தனை ஓ.பி.எல். வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். ஆடிட் வருவதற்கு முன் ஃபைல் கொழுக்கிறது. தாளின் அடியில் பயிற்சி பெற்றவர்கள் கையெழுத்துப் போடக் கட்டம் இருக்கும். ஷிஃப்ட் மாறும் நெரிசலில், பஞ்ச் அடிக்கப் போகிறவர்களை நிறுத்தி வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சொல்லிக்கொடுத்ததாகக் கணக்கு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புது ஆட்களை வேகமாகப் பழக்குவதற்காக அமெரிக்கத் தொழிற்சாலைகளில் டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்றொரு பயிற்சித் திட்டம் நடந்தது. ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவரைச் செய்ய வை, பிறகு போய்ப் பார் என்று நான்கு படிகள். போருக்குப் பிறகு ஜப்பானும் அதை எடுத்துக்கொண்டது. நம் கையெழுத்துப் பயிற்சியில் மூன்றாவது, நான்காவது படிகள் காணாமல் போய்விட்டன. கையெழுத்துக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'செய்து காட்டினார்' என்று இன்னொரு கட்டம் போட்டு, நேரில் பார்த்த சூப்பர்வைசர் அதில் தேதி எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குச் செலவும் கிடையாது.

அப்புறம், பழைய தாளை எடுக்கவும் ஒருவர் பொறுப்பாக வேண்டும். கிரீஸ் அடிக்கத் தேவையில்லாத, இருபுறமும் மூடிய பேரிங்கை மாட்டிய பிறகும், கிரீஸ் அடிக்கச் சொல்லும் தாள் தலைக்கு மேலே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவர் எதை நம்புவார்?

இதைப் படிக்கும் மேலாளர்கள் அடுத்த முறை லைனுக்குப் போகும்போது, தொங்கும் தாள்களில் 'தயாரித்தவர்' என்ற இடத்தைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இன்ஜினியரின் பெயர் இருந்தால், அவருக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுத்துவிட்டு, பேனாவை ஆபரேட்டரிடம் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்