குஞ்சுக்கு முன்னால் கூண்டு வேண்டும்: புறக்கடைக் கோழி வளர்க்கும் பெண்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் 14 பேர்,
கண்மாய்க்கரைக் குடியிருப்பு,
இளையான்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

நாள்: 16.06.2025, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்.

பொருள்: புறக்கடையில் வளர்க்கும் நாட்டுக்கோழிகளைக் காட்டுப்பூனை, கீரி, மரநாய், தெருநாய் முதலியவற்றிடமிருந்து காக்க, பாதுகாப்பான இரவுக் கூண்டு அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஆண்டு எங்கள் குழுவைச் சேர்ந்த 14 பேருக்கும் கால்நடை பராமரிப்புத் துறையின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில், 50 விழுக்காடு மானியத்தில், ஆளுக்கு 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கிடைத்தன. எல்லாம் நான்கு வாரக் குஞ்சுகள். எங்களில் ஐந்து பேர் கணவரை இழந்தவர்கள். இரண்டு பேருக்குக் குடியிருக்கும் இடத்தைத் தவிர ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அந்தக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நேற்று மாலை வீடுவீடாகப் போய் எண்ணினோம். வாங்கிய 560 குஞ்சுகளில் இன்று உயிரோடு இருப்பவை 148. விற்றதும் வீட்டுக்கு அறுத்ததும் சேர்த்து 96. நோயில் இறந்தவை 51. பிப்ரவரி மாதம் நடந்த கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு நாங்கள் அத்தனை பேரும் கோழிகளைக் கொண்டுபோனதால்தான் நோயால் வந்த சாவு இந்த அளவோடு நின்றது. அதற்குக் கால்நடை மருத்துவருக்கு எங்கள் நன்றி. மீதி 265 கோழிகளும் பிற உயிர்களுக்கு இரையாகிவிட்டன. கிட்டத்தட்ட பாதி.

எது வந்து பிடித்தது என்று எப்படித் தெரியும் எனத் தாங்கள் கேட்கலாம். விடிந்ததும் கிடக்கும் தடயமே சொல்லிவிடும். கோழியை முழுசாகக் காணோம், வேலியோரம் இறகு மட்டும் இழுபட்டுக் கிடக்கிறது என்றால் காட்டுப்பூனை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெருகு என்பார்கள். கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு உடம்பு அப்படியே கிடந்தால் அநேகமாகக் கீரி. அது பட்டப்பகலில் வரும், முட்டையையும் விடாது. ஓடு விலகி, கோழி மேலிருந்து தூக்கப்பட்டிருந்தால் மரநாய். ஏழெட்டுக் கோழிகள் ஒன்றுகூடத் தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் அது தெருநாய்க் கூட்டத்தின் வேலை. சின்னக் குஞ்சுகளுக்கு வல்லூறும் காக்கையும் சாரைப்பாம்பும் பகலில் எமன். இரவில் பெருச்சாளி. கண்மாய்க்குள்ளிருந்து நரி வருவதும் உண்டு, ஆனால் அது எப்போதாவதுதான்.

இம்மனுவை எழுதும் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல அனுமதிக்க வேண்டும். மாசி மாதம் என் அடைக்கோழி 11 குஞ்சு பொரித்திருந்தது. இரவில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருந்தேன். நடுச்சாமத்தில் கோழி கதறிய சத்தம் கேட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடினேன். குழவி வைத்த இடத்திலேயே இருந்தது. பஞ்சாரத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. தாய்க்கோழி இறகை விரித்தபடியே செத்துக் கிடந்தது. அந்த இறகுக்கு அடியில் இரண்டு குஞ்சுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தக் கோழி மாதம் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் நாட்டுக்கோழி முட்டை ஒன்று 15 ரூபாய்க்குப் போகிறது. என் மகளின் பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் அந்த முட்டைக் காசில்தான் வாங்கி வந்தேன்.

எங்கள் பாட்டிமார் காலத்திலும் கீரி இருந்தது, வெருகு இருந்தது, பஞ்சாரமும் இருந்தது. அப்போது வீட்டுக்கு நாலு கோழி, அவையும் சாயங்காலமானால் தாழ்வாரத்துக்குள் வந்துவிடும். இப்போது ஒரே நேரத்தில் 40 குஞ்சு. அவை பொரிப்பகத்திலிருந்து வந்தவை. பருந்து நிழலைக் கண்டதும் "கெக்கே" என்று எச்சரித்துப் புதருக்குள் விரட்டத் தாய் கிடையாது. எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்றே அவற்றுக்குத் தெரியவில்லை. இரண்டு பஞ்சாரத்தையும் ஒரு பழைய சேலையையும் வைத்துக்கொண்டு 40 உயிரை எப்படிக் காப்பது?

இந்த விலங்குகளைக் கொல்லவோ பிடித்துச் செல்லவோ நாங்கள் கேட்கவில்லை. காட்டுப்பூனையும் கீரியும் நரியும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை என்பது எங்களுக்குத் தெரியும். சட்டம் இல்லாவிட்டாலும் அவை எங்களுக்கு வேண்டும். வயலில் எலியை ஒடுக்குவது வெருகு. வீட்டைச் சுற்றிப் பாம்பை அண்டவிடாமல் வைத்திருப்பது கீரி. ஆனால் ஒரே இரவில் பத்துக் கோழியைப் பறிகொடுத்தவர் மறுநாள் செத்த கோழியிலேயே குருணைப் பூச்சிமருந்தைத் தடவி வேலியோரம் வைக்கிறார். சுற்று வட்டாரத்தில் இது நடக்கிறது. அந்த மருந்தைத் தின்று வெருகு செத்ததோ இல்லையோ, நாயும் மயிலும் செத்துக் கிடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். குழந்தைகள் விளையாடும் இடம் அது. சிலர் சுருக்குக் கண்ணி வைக்கிறார்கள், வேலியில் மின்சாரம் பாய்ச்சப் போவதாகவும் பேசுகிறார்கள். ஒரு உயிர் போவதற்கு முன் இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது எங்கள் கடமை என்று நினைக்கிறோம்.

இழப்பீட்டையும் நாங்கள் முதன்மையாகக் கேட்கவில்லை. தெருநாய் கடித்து இறக்கும் ஆடு, மாடு, கோழிகளுக்கு இழப்பீடு தர அரசு முன்வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் வெருகு தூக்கிச் சென்ற கோழிக்கு நாங்கள் எதைக் காட்டிச் சான்று வாங்குவது? நாலு இறகுதான் மிஞ்சுகிறது. இயற்கைப் பேரிடரில் இறக்கும் கோழிக்கே ஒன்றுக்கு 100 ரூபாய்தான் நிவாரண அளவு. ஒரு முறை அமைக்கும் நல்ல கூண்டு எத்தனையோ கோழிகளைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

எங்கள் கோரிக்கை இதுதான். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தனிநபர் பணியாகக் கோழிக் கொட்டகை கட்டித்தர வழி இருக்கிறது. எங்கள் 14 பேரிடமும் வேலை அட்டை உள்ளது. எங்கள் ஊராட்சியின் பணிப் பட்டியலில் எங்கள் பெயர்களைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு கூண்டு அமைத்துத் தர ஆணையிட வேண்டுகிறோம். பெரிய கொட்டகை தேவையில்லை. 8 அடிக்கு 5 அடி போதும். 40 கோழிகள் இரவில் அடைய அது தாராளம்.

அளவு சிறியதானாலும் செய்முறையில் குறை இருக்கக் கூடாது என்பதைத் தங்களிடம் அழுத்திச் சொல்கிறோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண்ணிக் கோழிவலை வேண்டாம். அதை நாய் பல்லால் கிழித்துவிடும், கீரிக்குட்டி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணியுள்ள பற்றவைத்த கம்பி வலைதான் தாங்கும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கல்தூண் மேல் கூண்டு நிற்க வேண்டும். அப்படி உயர்த்த முடியாத இடத்தில் வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிட வேண்டும். பறிக்கிற விலங்கு சுவரோரம்தான் பறிக்கும், கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும். கதவுக்கு வெறும் கயிறு உதவாது, இரட்டைக் கொண்டி வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விடும் இடைவெளியையும் வலையால் அடைக்க வேண்டும், மரநாய் வருவது அந்த வழியாகத்தான். கையால் வரைந்த படம் ஒன்றை இணைத்திருக்கிறோம்.

இனி இத்திட்டத்தில் யாருக்குக் குஞ்சு வழங்கினாலும், கூண்டு தயாராக இருப்பதைப் பார்த்த பிறகு வழங்கும்படி கால்நடை பராமரிப்புத் துறைக்கு அறிவுறுத்த வேண்டும். பயனாளிகள் பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. அந்தப் பட்டியலின் ஒரு படியை ஊராட்சி ஒன்றியத்துக்கு அப்போதே அனுப்பினால் குஞ்சு வந்து சேர்வதற்குள் கூண்டு நின்றுவிடும்.

எங்கள் வீடுகளுக்குப் பின்புறம் சீமைக்கருவேல் ஆள் நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்திருக்கிறது. வெருகும் நாயும் பதுங்குவது அங்கேதான். வீட்டிலிருந்து ஒரு 50 அடிக்காவது அதை வேரோடு அகற்றித் தர வேண்டும். இயந்திரத்தை விடும்போது ஆவாரை, நொச்சிப் புதர்களை விட்டுவிடச் சொல்லுங்கள். வல்லூறு வட்டமிடும்போது குஞ்சுகள் ஓடி ஒளிய அவைதான் இடம். கண்மாய்க்கரையில் இரவோடு இரவாகக் கொட்டப்படும் கறிக்கடைக் கழிவையும் தடுக்க வேண்டும். அந்த நாற்றத்துக்குத்தான் நாய்கள் கூட்டம் சேர்கின்றன, கழிவு இல்லாத நாளில் எங்கள் வாசலுக்கு வருகின்றன. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி அந்த நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

கூண்டு கிடைத்தால் எங்கள் பங்கை நாங்கள் செய்வோம். பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்துக் கொண்டியிடுவது, முட்டையை உடனுக்குடன் எடுப்பது, சிந்திய தீவனத்தைக் கூட்டி அள்ளுவது என எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். ஊரில் யாரும் விஷம் வைக்காதபடி பேசிப் பார்க்கும் பொறுப்பையும் ஏற்கிறோம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கல்தூண் நடவும் மண் தோண்டவும் முடியாது. எனவே ஆவணி மாதத்துக்குள் பணி தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தங்கள் அலுவலர் எவரேனும் நேரில் பார்வையிட வந்தால், மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். கோழிகள் அடையத் தொடங்கும் நேரமும் வேலிக்கு அப்பால் கண்கள் மின்னத் தொடங்கும் நேரமும் அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு உறுப்பினர்கள் 14 பேர் (கையொப்பமும் கைரேகையும் தனித்தாளில்)

இணைப்பு: கூண்டின் மாதிரி வரைபடம், வேலை அட்டை நகல்கள், வீடுவாரியாக எடுத்த கோழிக் கணக்கு.