படத்தில் போர்டும் தெரியட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைவீதிகளுக்கு டூவீலரில் வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். பென்னாகரத்திலிருந்தோ பர்கூரிலிருந்தோ வந்து, மருந்துக்கடை முன்னால் பத்து நிமிடம் வண்டியை விட்டுப் போனால், வீடு திரும்புவதற்குள் ‘நோ பார்க்கிங்’கில் நிறுத்தியதாக செல்போனுக்கு 500 ரூபாய் போலீஸ் அபராத சலான் வந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் படத்தில் நம்பர் பிளேட் மட்டும் பெரிதாக இருக்கிறது. நோ பார்க்கிங் போர்டு இல்லை, சாலையோரக் கோடு இல்லை, பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகைகூட இல்லை. வண்டி ரோட்டில் நின்றதா, கடைக்காரரின் சொந்த இடத்தில் நின்றதா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-வது பிரிவு போக்குவரத்து போர்டு வைக்கும் அதிகாரத்தையும், 117-வது பிரிவு வாகனம் நிறுத்தும் இடங்களை முடிவு செய்யும் அதிகாரத்தையும் அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும்தான் தருகிறது. ‘இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று கடைக்காரர் எழுதிவைத்த தகரம் இதில் சேராது. ஆனால் அந்தத் தகரத்தை நம்பி நான்கு கடை தள்ளி வண்டியை விடுகிறவர்தான் உண்மையான தடை இடத்தில் மாட்டிக்கொள்கிறார்!

அரசு போர்டிலும் இரண்டு வகை உண்டு. நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று மட்டும் இருந்தால், ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பலாம், வண்டியை விட்டுப் போகக்கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் நிற்கவே கூடாது. தெருமுனை, வளைவு, பஸ் நிறுத்தம், நடைபாதை, ஆஸ்பத்திரி வாசல் போன்ற இடங்களுக்கு போர்டே தேவையில்லை. அங்கே நிறுத்திவிட்டு ‘போர்டு எங்கே’ என்று கேட்பது நியாயமில்லை.

சலான் வந்தவுடன் பணம் கட்டிவிடாமல் படத்தில் உள்ளது தன் வண்டிதானா என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி டிஎன் 24, தர்மபுரி டிஎன் 29. சேறு படிந்த பிளேட்டில் 4-ம் 9-ம் ஒன்றுபோலத்தான் தெரியும். வண்டியின் நிறமும் மாடலும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அடுத்தது, ஒரே நாளில் ஒரே இடத்துக்கு இரண்டு சலான் விழுந்திருக்கிறதா என்பது. தமிழகத்தில் 2022 அக்டோபரில் உயர்ந்த அபராதப்படி முதல் முறை 500, மறுமுறை 1,500. இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு படம் எடுத்தால் ஒரே நிறுத்தத்துக்கு 2,000 ரூபாய் ஆகிவிடும்.

ஆட்சேபம் இருந்தால் மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் புகார் பதியலாம். மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைன் கோர்ட்) போய்விட்ட சலான் என்றால், அபராதம் கட்டாமல் வழக்கை எதிர்கொள்வதாகத் தேர்வு செய்யலாம். அப்படிச் செய்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்கு வரும். அங்கே ஒரு நாள் போய் நின்றால் அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு தனி. அதனால்தான் தப்பே செய்யாதவரும் 500 ரூபாயைக் கட்டித் தொலைக்கிறார். ஆர்சி-யில் (வண்டிப் பதிவுச் சான்று) பழைய செல் நம்பர் இருந்தால் இன்னும் மோசம். பெயர் மாற்றப் போகும்போதுதான் பாக்கி இருப்பதே தெரியும். (வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ ஃபைலாக, அதாவது போனில் ஆப் ஏற்றும் ஃபைலாக வரும் சலான் மோசடி. தொடவே வேண்டாம்.)

ரோட்டில் விடாதே, ஸ்டாண்டில் விடு என்கிறார்கள். விடலாம்தான். ஆனால் ஏலம் எடுத்து நடத்தும் ஸ்டாண்டுகளில் டோக்கனைப் பாருங்கள். இரண்டு விரல் அகலக் காகிதம், அச்சடித்த வரிசை எண், பேனாவால் கிறுக்கிய நேரம். தேதியும் இல்லை, கட்டணமும் இல்லை. ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர் காலை 5 மணிக்கு விட்டு இரவு 9 மணிக்கு எடுத்தால் 16 மணி நேரம். 12 மணி நேரக் கணக்கு என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்கிறார்கள். இரவு விட்டுக் காலையில் எடுத்தால் அதே ஸ்டாண்டில் தேதிக் கணக்கு, தேதி மாறிவிட்டதால் இரண்டு நாள் என்கிறார்கள். ரேட் போர்டு எங்கே என்றால், ‘இஷ்டமிருந்தா விடுங்க’ என்பதுதான் பதில். குத்தகை உத்தரவில் என்ன கட்டணம் போட்டிருக்கிறது என்பதை 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும். அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்குத் தனி வலு உண்டு.

சலான் போடும் காவலர்கள் இனி பத்தடி பின்னால் தள்ளி நின்று, வண்டியும் போர்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், பிளேட்டுக்கு ஒரு படம் என்று எடுக்க வேண்டும். ஸ்டாண்டுகளில் தேதியும் நேரமும் அச்சாகும் மெஷின் டோக்கனை அடுத்த ஏலத்தின் நிபந்தனையிலேயே உள்ளாட்சி நிர்வாகங்கள் சேர்க்க வேண்டும். பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் அதே மாதிரி மெஷின் போதும்.

இப்படிக்கு,
வாகன ஓட்டிகள் சிலர்,
கிருஷ்ணகிரி.