எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் காரில் பின் பேட் மாற்றுகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். 30 வருசம் மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்தியவன் நான்.

போன மாதம் மருமகன் வந்து, "மாமா, பின் சில்லு கிறீச்சிடுது, ஒருக்கா பாருங்கோ" என்றான். 2014ஆம் ஆண்டு ஹொண்டா வெசல். வலப்பக்கச் சில்லைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெரித்து நிறுத்துகிற பிரேக் பேட்டுகளில், வெளிப்பக்கத்து பேட்டில் 4 மில்லிமீற்றர் மிச்சம் இருந்தது. உள்பக்கத்து பேட்டோ இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்துபோய், டிஸ்க்கில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. பேட்டுகளைப் பிடித்து நெரிக்கிற கலிப்பர் வழுக்கி ஓட வேண்டிய கம்பி துருவில் இறுகிக் கிடந்தது. கடற்காற்றில் நிற்கிற வாகனங்களுக்கு இது வருகிறதுதான். சில்லு இடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு "பேட் இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

ஆனால் இந்தக் கடிதம் எழுத வைத்தது இதே காரின் இடப்பக்கம். போன வருசம் ஒரு கராஜில் அந்தப் பக்கம் பேட் மாற்றக் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்த பையன் புதுப் பேட்டுக்கு இடம் எடுக்க, பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு உள்ளே நெரித்திருக்கிறான். உள்ளே பல்சக்கரம் உடைந்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருந்து பழைய கலிப்பர் ஒன்று வந்து சேரும்வரை கார் 11 நாள் முற்றத்தில் நின்றது. அந்தப் பையனில் எனக்குக் கோபமில்லை. கேபிள் இழுக்கிற ஹேண்ட் பிரேக்கைத்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இந்தக் காரில் கேபிள் கிடையாது. கலிப்பரின் முதுகில் சின்ன மோட்டர் ஒன்று இருக்கிறது. சுவிச்சை இழுத்தால் அது பல்சக்கரங்களைச் சுற்றி, பிஸ்டனுக்குள் இருக்கிற திருகாணியைத் திருப்பும். அதில் ஓடும் நட்டு முன்னால் வந்து பிஸ்டனைத் தள்ளிப் பிடிக்கும். பேட் தேயத் தேய அந்த நட்டும் முன்னாலேயே வந்து நிற்கும். அதைப் பின்னுக்கு எடுக்காமல் பிஸ்டனை அமத்தினால் பாரம் முழுக்கத் திருகாணியிலும் பல்லிலும்தான் விழும். அதனால் முதலில் காரின் கணினியோடு பேசுகிற ஸ்கேனரைப் பூட்டி, நட்டைப் பின்னுக்கு எடுக்கிற பராமரிப்பு நிலைக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும். மோட்டர் "ஈ" என்று இழுத்து நிற்கிற சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும். அப்புறம் பிஸ்டன் நேராக, மெதுவாக உள்ளே போகும்.

அந்த நிலையில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்பதை மறக்கவே கூடாது. உவர்மலைப் பக்கம் சரிவில் வீடு உள்ளவர்கள் இந்த வேலையைச் சமதரையில் வைத்துச் செய்யுங்கள். கியர் 'பி'யில், முன் சில்லு இரண்டுக்கும் கட்டை, பின்னால் ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்டும் வேண்டும். கை உள்ளே இருக்கும்போது யாரும் காரை ஓன் பண்ணவோ அந்தச் சுவிச்சைத் தொடவோ விடாதீர்கள். மோட்டர் நெரித்தால் விரல் போய்விடும். நான் சாவியை மருமகனிடம் கொடுத்து வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினேன்.

பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் எண்ணெய் டப்பாவில் மட்டம் ஏறும், ஒரு கண் அங்கே இருக்கட்டும். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துச் சிலிக்கன் கிரீஸ் பூசினேன். டிஸ்க்கும் பேட்டும் இரண்டு பக்கமும் புதிது. பூட்டி முடித்து, பெடல் இறுகும்வரை மிதித்து, பராமரிப்பு நிலையில் இருந்து வெளியே எடுத்து, சுவிச்சை மூன்று தடவை இழுத்து விட்டேன். பின்னேரம் உவர்மலை ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தோம். அசையவில்லை.

2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இப்படியான கார்கள் பத்து வயதைத் தாண்டியும் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. கூட வந்த கையேடோ ஜப்பானிய மொழியில் இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் வாரம் அரைப் பக்கம் ஒதுக்கி, இந்த வேலைகளைப் படத்துடன் தமிழில் போடுங்கள் ஐயா. எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியும் கராஜ் பையன்களுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்தால், உடைந்த அந்தக் கலிப்பரைக் கழற்றிக் காட்ட நான் கொண்டு வருகிறேன். இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு எஞ்சின் திருத்துநர்,
உப்புவெளி, திருகோணமலை.