செயலாளர் அறிந்திருக்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நம் கூட்டமைப்பின் வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்புக்கு நான் போட்டியிடப் போவதில்லை. நேற்று மாலை இதைத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன். பேராளர்களின் வாட்ஸ்அப் குழு வழியாக இந்தச் செய்தி உங்களிடம் வந்து சேரும்போது அதற்கு நான்கைந்து காரணங்கள் முளைத்திருக்கும் என்பதால், உண்மையான காரணத்தை நானே சொல்லிவிட விரும்புகிறேன். இந்த ஓராண்டில் நான் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் நீங்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஆகவே இதை எல்லாரும் படிக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன். அதனாலேயே சில இடங்களில் நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடியும். தொகைகளையும் பெயர்களையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளராக இருந்த உங்கள் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்த கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. அந்தக் கடிதத்தின் வாசகத்தை மூவர் சேர்ந்து எழுதினோம் என்றோ, புதிய செயலவை ஒருமனதாக முடிவெடுத்தது என்றோ சொல்லி அதைப் பங்குபோட நான் முயலவில்லை. ஒருமனதாக என்ற சொல்லில் என் மனமும் அடக்கம். அதற்காக இன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மன்னிப்புக் கேட்பது வேறு ஒன்றுக்கு. அதை எழுத வேண்டுமானால், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு நாம் ஏறிப் போன பெர்ரிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

2020 டிசம்பர் கடைசி வாரம். பழைய பெர்ரிகள் அந்த மாதம் 31-ஆம் தேதியோடு நிற்கப் போகின்றன என்று அறிவித்திருந்ததால், கார் இல்லாதவர்கள்கூடக் கீழ்த்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டர்வொர்த்தில் 1 ரிங்கிட் 20 சென் கொடுத்து ஏறினோம். "அந்தப் பக்கம் வேலைக்குப் போகத்தான் காசு தம்பி, வீட்டுக்குத் திரும்பி வர காசே இல்ல" என்று எத்தனையாவது முறையாகவோ சொன்னீர்கள். முகக்கவரிக்கு மேல் உங்கள் கண்கள் மட்டும் சிரித்தன. சங்கப் பதிவிலாகாவுக்கான ஆண்டறிக்கைத் தாள்கள் உங்கள் மடியில் இருந்த மஞ்சள் கோப்பில் இருந்தன. கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் தள்ளித் தள்ளி ஒருவழியாக நடத்தி முடித்த பொதுக்கூட்டத்தின் கணக்கு அது. கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலையும் கணக்கறிக்கையையும் ஒப்படைக்க வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் சொல்வதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். "புள்ள பொறந்தாலும் அறுபது நாள், தலைவர் பொறந்தாலும் அறுபது நாள். ரெண்டையும் நேரத்தோட பதியலன்னா அப்புறம் ஆயுசுக்கும் அலையணும்." பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காகத் தேசியப் பதிவிலாகாவில் வரிசை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த ஒப்பீடு தோன்றியிருக்காது.

அப்போதுதான் கணித ஆசிரியை அழைத்தார். இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. அதற்காக நாம் நடத்திய வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரிடம் டேட்டா இல்லை. சிலருடைய வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. நீங்கள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "இந்த மாசம் நான் பாத்துக்கறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் கோப்பைத் திறந்தீர்கள். காற்று தாள்களைப் புரட்டியதால் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னீர்கள். நான் பிடித்துக்கொண்டேன். அது பணியாளர்களின் ஓய்வுக்காலத்துக்காக மாதந்தோறும் கட்ட வேண்டிய சேமநிதிச் சந்தா பட்டியல். மூன்று பெயர்கள். கடைசியாக இருந்த உங்கள் பெயரின் மேல், அளவுகோல் இல்லாமலே நேராக ஒரு கோடு போட்டீர்கள். பேனாவை மூடிவிட்டு, படகுத்துறை வந்துவிட்டது என்றீர்கள்.

நான் பார்த்தேன், அக்கா. கோடு போடும்போது என் கட்டைவிரல் அந்தத் தாளின் மேல்தான் இருந்தது. என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உதவிச் செயலாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு பொறுப்பு வந்திருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, புதிய பொருளாளர் பழைய சந்தா பட்டியல்களைச் சம்பளக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பதினான்கு மாதங்கள் உங்கள் பெயரில் சந்தா கட்டப்படவில்லை என்பது தெரிந்தது. சிறப்புக் கூட்டம் கூடியது. யாருக்காவது முன்பே தெரியுமா என்று தலைவர் மேசையைச் சுற்றிக் கேட்டார். என் முறை வந்தபோது, தெரியாது என்றேன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை என்பதால் அன்றிரவே அதை நானே தட்டச்சு செய்தேன்: "செயலாளர் இதனை அறிந்திருக்கவில்லை." அடுத்த கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, அது உண்மையாகிவிட்டது.

நான் பதவியை விடுவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம். வேறு எந்த அணியும் இல்லை, எந்தச் சண்டையும் இல்லை. படிக்கும் பேராளர்கள் தயவுசெய்து இதில் வேறு எதையும் தேட வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, செயலவையின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் இன்னொரு பொய்யைச் சொன்னவனாவேன். உங்கள் பெயரை நீங்களே அடித்தது உங்கள் விருப்பம் என்று நீங்கள் நினைத்தீர்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. வேலை செய்பவரே மனமுவந்து எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், சேமநிதிச் சந்தாவைக் கட்டும் கடமை வேலைக்கு வைத்தவரை விட்டுப் போகாது. 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின்படி, சங்கம் கட்டத் தவறினால் அதன் பொறுப்பாளர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் அதற்குக் கடன்பட்டவர்கள் ஆகிறார்கள். அதாவது, பிள்ளைகளுக்கு டேட்டா வாங்க நீங்கள் விட்டுக்கொடுத்த, உங்கள் சம்பளத்தின் மேல் சங்கம் கட்ட வேண்டியிருந்த அந்த 13 விழுக்காட்டுக்கு, ஓய்வூதியத்தில் வாழும் நம் பெரியவரும், வாரம் ஆறு நாள் லாரி ஓட்டும் அன்றைய பொருளாளரும் தங்களுக்குத் தெரியாமலே பிணை நின்றார்கள். இதை உங்களிடம் ஒருவர் சொன்னபோது நீங்கள் சொன்ன பதில், "நான் என்ன திருடிட்டேனா?" என்பது. இல்லை. திருடியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். கொடுத்தவரை எப்படிக் கண்டிப்பது என்று தெரியாமல்தான் ஒப்பந்தம், புதுப்பித்தல், மறுசீரமைப்பு என்று உயிரில்லாத சொற்களைத் தேடிப் பிடித்தோம்.

ஆனால் அக்கா, நீங்கள் போன விதத்தையும் நான் மறக்கவில்லை.

அமைப்பு விதியைத் திருத்தி, தலைவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்த அந்தப் பொதுக்கூட்டத்துக்குப் பின் ஒன்பது பொறுப்பாளர்களில் ஆறு பேர் புதியவர்கள். வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாற்றப் பதிவிலாகாவின் புதிய பட்டியலைக் கேட்டார்கள். பட்டியலைப் புதுப்பிக்கச் சங்கப் பதிவிலாகாவின் இ-ரோசஸ் இணையத்தளத்துக்குள் நுழைய வேண்டும். அதன் கடவுச்சொல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பதிவு செய்திருந்த மின்னஞ்சல் உங்களுடையது. கைப்பேசி எண்ணும் உங்களுடையது. பதினாறு ஆண்டுகள் ஒரு கூட்டமைப்பையே உங்கள் கைப்பையில் போட்டுக்கொண்டு பெர்ரி ஏறினீர்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. நான் பதினேழு முறை அழைத்தேன். 56-ஆம் நாள் இரவு, ஒரு வணக்கம்கூட இல்லாமல், எட்டு எழுத்துகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பினீர்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் அலுவலகத்தில் மிச்சமிருந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு மாதச் சம்பளம் தாமதமானது. அவர்களில் ஒருத்தியை நீங்கள்தான் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய் அடையாள அட்டை எடுத்துக் கொடுத்து வளர்த்தீர்கள். அவள் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் தவறாகச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், பலரிடமும் சொன்னேன், அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் சொன்னது பொய் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அலுவலகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் யாரிடமும் கேட்பதில்லையாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புதிய ஒருங்கிணைப்பாளர் இருபத்தாறு வயதுப் பெண்; நல்ல உழைப்பாளி; கடவுச்சொற்கள் எல்லாம் இப்போது தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் உறையிட்டு இருக்கின்றன. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றான பிறகு, மூவரின் சம்பளத்தையும் திருத்தி எழுதினோம். நேற்று சேர்ந்தவருக்குக் கொடுக்கும் சம்பளம், பதினாறாம் ஆண்டில் நீங்கள் வாங்கியதைவிடக் கூடுதல். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது என் கை தயங்கியது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சந்தா ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்கு முன் கட்டப்படுகிறது. கணக்காய்வாளர் சென்ற முறை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதெல்லாம் நல்லதுதான், நீங்கள் இருந்தவரை நாங்கள் இதைச் செய்யவில்லை என்பதில் உங்கள் பிடிவாதத்துக்கு எவ்வளவு பங்கோ, நீங்கள் இருக்கிறீர்களே என்ற எங்கள் சோம்பலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

பிறப்புப் பத்திர வேலை மட்டும் படுத்துவிட்டது. பாரங்களை நிரப்ப அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனால் எந்த முகப்பில் எந்த அதிகாரி மதிய உணவுக்கு முன் பொறுமையாகக் கேட்பார், தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் மகளை எங்கே தேடிப் பிடித்துச் சாட்சிக்கு அழைத்து வருவது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. போன மாதம் பிறை ஊரிலிருந்து ஒரு தாய் வந்தார். பிள்ளைக்கு ஏழு வயது. "அந்த அக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

இனி செய்ய வேண்டிய காரியத்துக்கு வருகிறேன். பதினான்கு மாதச் சந்தாவை, அதற்குரிய லாப ஈவோடும் தாமதக் கட்டணத்தோடும் செலுத்த வேண்டும் என்று நான் கொண்டுவந்த தீர்மானத்தைச் செயலவை ஏற்றுக்கொண்டது. பணம் கட்டியாயிற்று. உங்கள் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தால் தெரியும். தயவுசெய்து அதைக் கூட்டமைப்புக்கே நன்கொடையாகத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் என்பதால் சொல்கிறேன். அது எங்கள் தயவு அல்ல, உங்கள் கூலி.

இன்னொன்று. வரும் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய செயலவைக் கூட்டத்தில், பழைய குறிப்பில் ஒரு திருத்தம் பதிவு செய்யக் கோரியிருக்கிறேன். "செயலாளர் இதனை அறிந்திருக்கவில்லை" என்பதற்குப் பதிலாக, "அப்போதைய உதவிச் செயலாளர் 2020 டிசம்பரிலேயே இதனைக் கண்டிருந்தும் கேட்கவில்லை" என்று இருக்கும். முன்மொழிய நான் இருக்கிறேன்; வழிமொழிய இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முடிந்துபோனதை ஏன் கிளற வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் இங்கே முதலில் எழுதிவிட்டேன்.

2023 ஆகஸ்டில் வந்த புதிய பெர்ரியில் நீங்கள் ஏறவே இல்லை என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கடைசி ஆண்டுகளில் பாலத்தின் வழியாகப் பேருந்தில்தான் வந்தீர்களாம். ஓராண்டுக்கு மேல் உங்களோடு அதே அலுவலகத்தில் இருந்தும் அது எனக்குத் தெரியாது. புதிய பெர்ரியின் உள்ளே குளிர்சாதனம், கார்களை ஏற்றுவதில்லை, உட்கார்ந்திருக்கும் இடத்தில் தாளைப் பறக்கடிக்கும் காற்று இல்லை.

மஞ்சள் கோப்பு என்னிடம் இருக்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும்போது அதையும் ஒப்படைத்துவிடுவேன். அது என்னுடையது அல்ல, உங்களுடையதும் அல்ல. ஆனால் உங்கள் பழைய மேசையின் இரண்டாவது இழுப்பறைச் சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறது. உள்ளே அந்தத் தோட்டத்துக் குடும்பங்களின் குறிப்பேடு இருக்கிறது என்பது என் ஊகம். பூட்டை உடைத்துவிடலாம் என்று பொருளாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். பொதுக்கூட்டம் வரைக்கும்தான் என் சொல் அங்கே செல்லும்.

இப்படிக்கு,
தம்பி