பறக்காத ஹெலிகாப்டருக்கு வாங்கிய பணம்: நெல்லைச் சீமைச் சுற்றுலா முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் வெளிநாட்டுச் சுற்றுலா நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். இது யாரைப் பற்றியது என்று உங்களில் ஒருவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அவர் பெயரையோ கடையின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. மற்றவர்களும் அதே மாதிரி நோட்டீஸ், அதே மாதிரி விண்ணப்பம் வைத்துத்தான் தொழில் செய்கிறீர்கள் என்பதால் எல்லோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற மார்கழி, தை மாதங்களுக்கான சுவிட்சர்லாந்துப் பயண நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. போன தடவை வந்த அதே படம். ‘பனிமலைகளின் மேல் ஹெலிகாப்டர் பயணம் உறுதி’ என்கிற அதே வரி. அந்த உறுதியை உங்களில் யாராலும் தர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அது ஆல்ப்ஸ் மலையின் வானிலை தர வேண்டியது.

என் கோரிக்கை ஒன்றுதான். ஹெலிகாப்டர் பறக்காவிட்டால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதை, பணம் வாங்குவதற்கு முன்னாலேயே, தமிழில் எழுதிக் கொடுங்கள்.

என் அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டி ஆறான பனியாறு, அது இழுத்து வந்து சேர்க்கும் மொரைன், அது செதுக்கும் சர்க்கு, அரட்டு, ‘யு’ வடிவப் பள்ளத்தாக்கு என்று பணிக்காலம் முழுக்கக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள். சித்திரை வெயிலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, பனியையே பார்த்திராத ஒரு டீச்சர் பனியாற்றைப் பாடம் நடத்தினாள். சாவதற்குள் ஒரு பனியாற்றை மேலேயிருந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஓய்வுப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மீதியை அதற்காகவே வைத்திருந்தாள். பயணத்தொகை தனி. ஹெலிகாப்டருக்கு மட்டும் ஆளுக்கு 38,000 ரூபாய் என்று அவளுக்கும் அத்தானுக்கும் சேர்த்து 76,000 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள். விசாவுக்குக் கைரேகை வைக்க நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வந்த அலைச்சலைக்கூட அக்கா சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜனவரி மாதம் அங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியனே உதிக்கிறது. இருட்டோடு எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, ஹெலிகாப்டர் தளத்தில் இறக்கினார்கள். மலை முழுக்க மேகம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று மத்தியானம் வரை உட்கார வைத்து, பிறகு விமானி வந்து இன்று பறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மதியச் சாப்பாடு பறந்து முடித்த பிறகு வேறொரு ஊரில் என்று ஏற்பாடு. அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டிருக்கிறார், நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கிவிட்டது. அக்கா கைப்பையில் வைத்திருந்த மிட்டாயும் பிஸ்கட்டும்தான் அவரைக் காப்பாற்றின.

இதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது மறுநாள் காலை. வானம் ஒரு பொட்டு மேகமில்லாமல் வெளுத்திருந்தது. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் பக்கத்துத் தெருவில் நிற்பது மாதிரி தெரிந்தனவாம். பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போகிற சத்தம் கேட்டிருக்கிறது. கூட வந்த வழிகாட்டிப் பையனிடம், “தம்பி, ஒரு ரெண்டு மணி நேரம் நின்னு போகலாமாப்பா?” என்று கேட்டிருக்கிறாள். “சாயங்காலம் பாரிஸ் போய்ச் சேரணும் டீச்சர், ஹோட்டல் புக் ஆயிட்டு” என்றானாம். அவன் மேல் தப்பில்லை. உங்கள் பயணத் திட்டத்தில் அந்த ஊருக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் ஒதுக்கியிருந்தது. மழைக்காலத்தில் கல்யாணம் வைத்தால்கூட நாம் பந்தலுக்கு மேல் தகரம் போடுகிறோம். குளிர்காலத்து ஆல்ப்ஸில் பறக்க ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக வைத்திருக்கக் கூடாதா?

ஊருக்கு வந்த பிறகு பணத்தைக் கேட்டு அக்கா உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அப்போது அங்கிருந்து வந்த பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. “நீங்க நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் சத்தம் போட்டிருந்தா பறந்திருப்பாங்க டீச்சர். அமைதியா இருந்ததால விட்டுட்டாங்க.”

ஐயா, இந்த வார்த்தையை நீங்கள் இனி யாரிடமும் சொல்லக் கூடாது. மலைமேல் சுற்றிக் காட்டும் ஹெலிகாப்டர்கள் விமானியின் கண்பார்வையை நம்பிப் பறக்கின்றன. கீழே வெள்ளைப் பனி, மேலே வெள்ளை மேகம். இரண்டும் ஒன்றாகிவிட்டால் தரை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் தெரியாது. அக்காவோடு பயணம் செய்த இன்னொருவரிடம், குளிரில் என்ஜின் கிளம்பவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மேலே எழும்ப அது உதவியாகத்தான் இருக்கும். பார்வை மறைப்பதும் மலையிடுக்கில் அடிக்கிற காற்றும்தான் ஆபத்து. அக்காவே இதை எனக்கு விளக்கிச் சொன்னாள். பறக்க மாட்டேன் என்று சொன்ன விமானியின் மேல் அவளுக்குத் துளியும் கோபம் இல்லை, மரியாதைதான்.

சத்தம் போட்டுப் பறக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீங்களே இமயமலையில் கேதார்நாத், பத்ரிநாத் போகிற சார்தாம் யாத்திரைக்கும் ஆள் கூட்டிப் போகிறீர்கள். 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் அருகே மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர் மலையில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். 2025 ஜூன் 15 அன்று அதே கேதார்நாத் வழியில் உள்ள கௌரிகுண்ட் அருகே இன்னொன்று விழுந்தது. அதிலும் ஏழு பேர், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை உட்பட. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, வயதான ஒரு டீச்சரிடம் நீங்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது?

குற்றாலத்தில் தண்ணீர் கூடுதலாக வந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் வருத்தத்தோடு திரும்பிப் போகிறார்களே தவிர, போலீஸ்காரரோடு சண்டை போட்டு அருவிக்குள் இறங்குவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலைக்கும் தண்ணீருக்கும் அடங்கி நடக்கத் தெரிந்த மக்கள் நாங்கள். வானிலை சரியில்லை, பறக்கவில்லை என்றால் ஒப்புக்கொள்வோம். பறக்காததற்குப் பணம் எடுத்துக்கொள்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டரில் யார் எங்கே உட்காருவது என்பதை எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உயரம் கூடக் கூடக் காற்று லேசாகிவிடும், அதனால் மொத்தச் சுமையும் கணக்கு. அங்கே தளத்தில் தராசில் நிற்கச் சொன்னபோதுதான் விண்ணப்பத்தில் இருந்த எடைகள் தெரியவந்தன. குழுவில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் 60 கிலோ, ஆண்கள் எல்லோருக்கும் 70 கிலோ. யாரையும் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் தராசில் ஏறி, எழுதியது ஒன்று இருப்பது ஒன்று என்று தலைகுனிந்து நின்ற பெண்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கில் குத்துமதிப்பாக எண் போடுகிற கை, வேறு எதைத்தான் கவனமாகச் செய்யும்?

அந்த நோட்டீஸ் படமும் அப்படித்தான். அதில் இருக்கும் அலெட்ச் பனியாற்றின் நடுவே கறுப்புக் கோடுகள் நீளமாக ஓடுகின்றன. அவை மொரைன்கள். பனியாறு இழுத்துக்கொண்டு வருகிற கல்லும் மண்ணும். கோடையில் மேல்பனி உருகிய பிறகுதான் அவை அப்படித் தெளிவாகத் தெரியும். ஜனவரியில் எல்லாம் புதுப்பனிக்கு அடியில் கிடக்கும். ஆக, கோடையில் எடுத்த படத்தைக் காட்டிக் குளிர்காலப் பயணத்துக்குப் பணம் வாங்குகிறீர்கள். குளிர்கால அழகு வேறு, அதுவும் பார்க்க வேண்டியதுதான். அதை அப்படியே சொல்லி விற்கலாமே.

இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம் டீச்சர் என்றும் சொன்னீர்கள். அலெட்ச் பனியாறு ஆல்ப்ஸ் மலையிலேயே பெரியது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம். 2001இல் அந்தப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. பனியாறும் காத்திருக்கவில்லை, அக்காவுக்கும் வயது ஏறுகிறது. அவளிடம் இன்னொரு ஓய்வுப் பணம் இல்லை.

சரி, பணம் எங்கே போனது? அங்கிருந்த ஹெலிகாப்டர் நிறுவனத்தின் மேசையில் இருந்த பெண், வானிலையால் பறக்கவில்லை என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பணம், முன்பதிவு செய்தவர்களுக்கே திரும்பிப் போகும் என்றும் சொன்னார். அந்தச் சீட்டு அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் முதலில் சென்னை நிறுவனத்திலிருந்து வரவில்லை என்றீர்கள். அப்புறம் ஐரோப்பிய ஏஜென்ட் அனுப்பவில்லை என்றீர்கள். கடைசியில், திரும்பத் தர முடியாது என்ற நிபந்தனையில் டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடித்துவிட்டீர்கள். அந்தத் தாள், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது நீட்டப்பட்டது. பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். பணம் முழுவதையும் கட்டி, விசா வாங்கி, விமானம் ஏறப் போகிற நேரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்?

இது ஹெலிகாப்டரோடு நிற்பதில்லை. நம் ஊரில் வயதானவர்கள் கையில் பணம் இருப்பது தெரிந்தால் எல்லோரும் ஒரு தாளை நீட்டுகிறார்கள். சீட்டு, இன்சூரன்ஸ், மனை, ஆஸ்பத்திரி பேக்கேஜ். படித்துப் பார்க்க நேரம் கொடுப்பதில்லை, புரியும்படி எழுதுவதுமில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஒருத்தியையே இப்படி ஆக்க முடிகிறது என்றால், காடு கரையை விற்று, மகன் அனுப்பிய பணத்தைச் சேர்த்து, ஒரே ஒரு தடவை வெளிநாடு பார்க்க வருகிற சம்சாரிக்கு என்ன கதி?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது. உங்களைப் பகைத்துக்கொள்வது என் நோக்கமல்ல. நம் ஊர் ஆட்களைத் தைரியம் சொல்லிக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது சாதாரண வேலை இல்லை, அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தங்களைப் பற்றித் தனியாகவே பேசுகிறது என்பதையும், புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நிறுவனம் சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்கே வந்து பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கு அவசியம் வராது என்று நம்புகிறேன்.

ஆகவே தயவுசெய்து, இந்த வருடக் குழுவிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தாளைத் தமிழில் கொடுங்கள். வானிலை சரியில்லை என்றால் ஹெலிகாப்டர் பறக்காது, அப்படிப் பறக்காவிட்டால் உங்கள் பணம் இத்தனை நாளுக்குள் இந்த வழியாகத் திரும்பி வரும் என்று அதில் இருக்கட்டும். எடையை அவரவரிடம் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் அந்த மலையூரில் ஒரு நாளைக் கூட்டிக் கொடுங்கள், அதற்கு ஆகும் செலவை முன்கூட்டியே சொன்னால் தர விருப்பமுள்ளவர்கள் தருவார்கள். தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் அக்காவே எழுதித் தருவதாகச் சொல்கிறாள். காசு எதுவும் வேண்டாமாம்.

அக்காவிடம் வாங்கிய 76,000 ரூபாயை வைத்திருக்கிறவர், இந்த மாதத்துக்குள் அதை அவள் வங்கிக் கணக்கில் போட்டுவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எண் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
டீச்சரின் தம்பி,
பாளையங்கோட்டை