ஆயில் மாற்றும் முன் எஞ்சினைச் சூடாக்குவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மதுரை கே.புதூரில் நம் பணிமனைக்கு வண்டி விடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். எனவே சென்ற மாதம் அதில் சுற்றி வந்த புகார் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஆயில் மாற்றுவதற்காக விட்டுச் சென்ற ஸ்கூட்டரில் நான்கு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது என்றும், கடைப் பையன்கள் வாடிக்கையாளரின் பெட்ரோலில் ஊர் சுற்றுகிறார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது.

நான்கு கிலோமீட்டர் ஓடியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அந்த வண்டி முதல் நாள் இரவே கடைக்கு வந்து, மறுநாள் காலை வரை நின்றிருந்தது. ஆயில் நன்றாகக் குளிர்ந்திருந்ததால், எஞ்சினைச் சூடாக்கப் பையன் வண்டியை அழகர்கோவில் சாலையில் மூன்றுமாவடி வரை ஓட்டிச் சென்று, அங்கேயே திருப்பிக்கொண்டு வந்தான். 10.40க்குக் கிளம்பி 10.55க்குத் திரும்பியது ஜாப் கார்டில் (ஒவ்வொரு வண்டியின் வேலையையும் குறிக்கும் அட்டையில்) பதிவாகியிருக்கிறது. வழியில் எங்கும் நிறுத்தவில்லை. பின்னால் யாரையும் ஏற்றவில்லை. செலவான பெட்ரோல் நூறு மில்லியைத் தாண்டாது. அதற்குரிய பத்து ரூபாயை அன்று மாலையே நீட்டினேன், அவர் வாங்கவில்லை. பணம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. "ஊர் சுற்றுகிறார்கள்" என்ற சொல்தான் இன்னும் உறுத்துகிறது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து வேலை கற்கும் பத்தொன்பது வயதுப் பையன் அவன். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் வேலைக்கே வரவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அழைத்து வந்தேன்.

ஆனால் எங்கள் பக்கமும் ஒரு தவறு நடந்திருக்கிறது. வண்டியை ஓட்டப் போகிறோம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அதை எங்கள் மூத்த மெக்கானிக் வாய்மொழியாகவே சொல்லி வந்தார். அவர் தை மாதத்தோடு வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவரோடு அந்தப் பழக்கமும் போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் ஓடும்போது எரிபொருள் எரிந்து உண்டாகும் கரியும், உலோகம் தேய்ந்து விழும் நுண்துகளும் ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும். அவற்றை ஒன்றுசேரவிடாமல் மிதக்க வைப்பதற்காகவே ஆயிலில் மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. வண்டி நாள்கணக்கில் நின்றால், கனமான துகள்கள் மெல்ல அடியில் படிகின்றன. குளிர்ந்த ஆயிலை அப்படியே இறக்கினால் மேலே தெளிந்தது வெளியேறி, அடியில் படிந்ததில் ஒரு பகுதி தங்கிவிடும். சற்று ஓட்டிவிட்டு இறக்கினால், கலங்கிய கசடும் ஆயிலோடு சேர்ந்து வரும். அதோடு ஆயிலின் பிசுபிசுப்பும் குறைந்து, எளிதாக வடியும். இருசக்கர வண்டிகளில் ஊற்றும் 10டபிள்யூ-30 என்ற வகை ஆயிலை எடுத்துக்கொண்டால், 40 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு 60 டிகிரியிலேயே ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது; 100 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

குளிர்ந்த நிலையில் இறக்குவதுதான் சரி என்று சொல்பவர்களும் நம் வாடிக்கையாளர்களில் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில் மேலே ஒட்டியிருந்த ஆயில் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் கடைக்குள் நிற்கும் வண்டியின் ஆயில், குளிர் நாடுகளில் இருப்பதுபோல் கெட்டிப்பட்டு நிற்பதும் இல்லை. ஆகவே குளிராக இறக்கினால் எஞ்சின் கெட்டுவிடும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் மார்கழிக் காலையில் ஆயிலை இறக்குவதற்காக எஞ்சின் அடியில் இருக்கும் டிரெயின் நட்டைக் கழற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: ஆயில் நூல் பிடித்ததுபோல் இறங்கிக்கொண்டே இருக்கும், ட்ரேக்கு முன்னால் பையன் வெகுநேரம் குந்தியிருக்க வேண்டியிருக்கும்.

காருக்கு இந்தக் கேள்வியே வேறு. அடியில் தகடு மூடியிருக்கும் கார்களுக்காக, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இருக்கும் குழாய் வழியே மெல்லிய குழாயை இறக்கி ஆயிலை உறிஞ்சும் எந்திரத்தைச் சென்ற ஆண்டு வாங்கினோம். அந்த மெல்லிய குழாயில் குளிர்ந்த ஆயில் ஏறவே சிரமப்படும். அதில் காற்று கலந்து ஏறினால், எந்திரம் ஆயில் தீர்ந்துவிட்டது போலக் காட்டும். உள்ளே அரை லிட்டர் வரை தங்கியிருக்கலாம். ஆகவே காரைப் பொறுத்தவரை, சூடாக்காமல் உறிஞ்சுவதில்லை என்று முடிவாக வைத்திருக்கிறோம்.

கடை வாசலில் வண்டியை ஐடிலில், அதாவது நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டாலே போதாதா என்று பலர் கேட்கிறீர்கள். ஐடிலில் சிலிண்டர் தலைப்பகுதிதான் முதலில் சூடேறும். அடியில் இருக்கும் ஆயில் சூடாக வெகுநேரம் பிடிக்கும். காற்றோட்டத்தை நம்பிக் குளிரும் ஸ்கூட்டரையும் பைக்கையும் நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடவிடுவதும் நல்லதல்ல. புகையும் மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை. அதனால்தான் ஒரு சுற்று ஓட்டி வருகிறோம். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வரும் ஸ்கூட்டர்களில் ஆயில் ஒருநாளும் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே படியும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து, ஆயில் ஊற்றும் வாயின் மூடியில் வெளுத்த பசையாகக் காணப்படும். இப்படிப்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்த ஓட்டம் அதிகம் தேவைப்படுகிறது.

அளவுக்கு மீறிய சூடும் ஆகாது. மேலூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ நெடுந்தூரம் ஓடி நேராக வந்து நிற்கும் வண்டியை உடனே கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வண்டியைக் கழற்றிய எங்கள் ஆளுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. அன்றிலிருந்து, எஞ்சின் உறையில் கை வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை கால் மணி நேரமாவது காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.

சூடாக்கினால் எல்லாம் வந்துவிடும் என்றும் சொல்லவில்லை. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில், சுழற்சியால் கசடைப் பிரிக்கும் வடிகட்டியில் சேர்ந்த கெட்டிச் சேறு எவ்வளவு சூடாக்கினாலும் இறங்காது. உறையைத் திறந்துதான் துடைக்க வேண்டும். அந்த வேலையை உங்களைக் கேட்டுத்தான் செய்வோம்.

இனிமேல் வண்டியை வாங்கும்போதே கிலோமீட்டரைக் குறித்து, ஓட்டலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவோம். ஓட்டக் கூடாது என்பவர்கள் தாங்களே ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து விடலாம். அதுவும் முடியாதென்றால், குளிராகவே இறக்கி, ஒரு மணி நேரம் சொட்டவிட்டுப் புது ஆயில் ஊற்றித் தருகிறோம். ஆயிலின் அளவை உங்கள் கண் முன்னாலேயே, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் காட்டுவோம்.

புகார் சுற்றிய அந்த வாரத்திலும் வழக்கம்போல வண்டியை விட்டுச் சென்றவர்களையும், குழுவில் எங்களுக்காக இரண்டு வார்த்தை எழுதியவர்களையும் நான் மறக்க மாட்டேன். அப்பாவின் வண்டிக்குப் பிறகு மகனின் வண்டியையும் இங்கேயே கொண்டுவருகிற குடும்பங்கள் இருக்கின்றன. உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது. மனமார்ந்த நன்றி. இன்னொரு செய்தி: வருகிற முதல் தேதியிலிருந்து இருசக்கர வாகன ஆயில் மாற்றும் கூலி 150 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆயில் வேலை எடுப்பதில்லை.

அந்த ஸ்கூட்டரின் உரிமையாளர் இதைப் படித்தால், அடுத்த முறை வரும்போது எங்கள் பையனோடு அவரே பின்னால் உட்கார்ந்து மூன்றுமாவடி வரை போய்வர வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிமனை உரிமையாளர்,
கே.புதூர், மதுரை.