நாலு பக்கம் அளந்தால் காணி அளந்ததாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு கேத்திரகணிதம் (வடிவியல்) ஒருவருக்கும் உதவாது, அதைப் பாடத்திட்டத்தில் குறைத்துவிடலாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் ஒரு நில அளவையாளரிடம் உதவியாளராக இருந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கச் சங்கிலி இழுத்தவன். அந்த வாசகர் இங்கே ஒரு காணி வாங்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

தரகர்கள் காணி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலியோரமாக நாலு பக்கமும் டேப் பிடிப்பார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டையும் பெருக்கி, 2722.5 ஆல் வகுத்து இத்தனை பரப்பு என்பார்கள் (எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பரப்புக் காணி 2722.5 சதுர அடி). மூலை நாலும் செங்கோணமாக இருந்தால் சரிதான். ஒழுங்கை போன போக்கில் கிளுவையும் பூவரசும் நட்டு வளர்த்த வேலிகளில் செங்கோணத்தை எங்கே தேடுவது?

நாலு பக்கமும் 50 அடியான ஒரு வளவை எடுங்கள். தரகர் கணக்கில் 2500 சதுர அடி. மூலைக்கு மூலை பிடித்தால் ஒரு மூலைவிட்டம் 60 அடி, மற்றது 80 அடி என்றால் அது சதுரம் இல்லை, சாய்சதுரம். பரப்பளவு 2400 தான். மூலைவிட்டங்கள் 28, 96 என்று வந்தால் வெறும் 1344! பக்கங்கள் அதே 50 அடிதான். மூன்று பக்கங்கள் தெரிந்தால் முக்கோணி ஒன்றேதான். நாற்பக்கல் அப்படியில்லை, குறுக்குச் சட்டம் அடிக்காத படலை மாதிரிச் சரிந்துகொண்டே போகும். இந்தச் சராசரிக் கணக்கோ ஒன்றில் சரியாக வரும், இல்லாவிட்டால் கூட்டித்தான் காட்டும். நட்டம் எப்போதும் வாங்குபவருக்கு. (எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரிலும் நிலங்களுக்கு இதே கணக்குத்தான் வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய பிழையை நாங்கள் இன்னும் விடவில்லை.)

ஒரேயொரு மூலைவிட்டத்தையும் சேர்த்து அளந்தால் போதும், காணி இரண்டு முக்கோணியாகிவிடும். பிறகு, மூன்று பக்கங்களை வைத்தே முக்கோணியின் பரப்பளவு காணும் ஈரோனின் சூத்திரம். மேலே சொன்ன வளவில் ஒரு முக்கோணிக்கு 50, 50, 60. கூட்டிப் பாதி 80. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 30, 30, 20. நாலு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1200. மற்ற முக்கோணியும் அவ்வளவே. கைபேசியில் ஒரு நிமிட வேலை.

பாடத்தைக் குறைப்பதை விட்டு, கணித ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்துப் பள்ளிக்கூட வளவை அளக்கவிட்டால் என்ன? தேற்றத்தைப் பாடமாக்கி ‘ஏ’ எடுத்த பிள்ளைக்குக்கூட வீட்டுக் காணியின் மூலை செங்கோணமா என்று பார்க்கத் தெரிவதில்லை.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலேயே காணி பேசுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மூலைவிட்டம் எத்தனை அடி என்று தரகரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால், அளவையாளரின் பிளான் கைக்கு வரும்வரை முற்பணம் அனுப்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற நில அளவை உதவியாளர்,
இணுவில்